ஸ்க்லிரோடெர்மாவுக்கு மாத்திரையா, ஒளி சிகிச்சையா?

தோல் இறுகிக்கொண்டே போகும் ஸ்க்லிரோடெர்மா அக்காவுக்கு உறுதியானபோது பேச்சில் வந்தவை இரண்டு: எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோஃபீனோலேட் மாத்திரை, ஃபோட்டோஃபெரிசிஸ் என்கிற ஒளி சிகிச்சை. மாத்திரையைத்தான் எடுத்தோம். மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமத்தில் இருப்பவர் யார் கேட்டாலும் முதலில் அதையே சொல்வேன்.

ஒளி சிகிச்சை என்றதும் உடம்பின் மேல் விளக்கைக் காட்டுவார்கள் என்று நினைக்க வேண்டாம். ரத்தத்தை எடுத்து, வெள்ளணுக்களைப் பிரித்து, மெத்தாக்ஸிசோராலன் என்கிற சோராலன் வகை மருந்தைக் கலந்து, புற ஊதா ஏ கதிரில் வைத்துத் திரும்ப ஏற்றுவார்கள். 1988-இல் அமெரிக்காவில் தோலில் வரும் ஒருவகை லிம்போமா புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற முறை. (சோராலன் நம்மூர் கார்போகரிசியிலும் உண்டு. அதற்காக அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் கொப்புளம்தான் மிச்சம்.)

ஒளியின் பக்கம் ஒரு பலம் இருக்கிறது: மாத்திரை போல ஒட்டுமொத்த எதிர்ப்பு சக்தியை அது அமுக்குவதில்லை. விரல் நுனியில் புண்ணோடு நடவுச் சேற்றில் இறங்குகிறவருக்கு இது சின்ன விஷயமா? மாத்திரை தொடங்கியதும் அக்கா வயலில் இறங்குவதை நிறுத்தினோம்.

ஒளி சிகிச்சைக்கு ஆகும் தூரம், செலவு எல்லாம் தெரிந்ததே. எங்களை முடிவெடுக்க வைத்தது ஊசி ஏற்றும் ரத்த நரம்பு. இந்த நோயில் முன்கைத் தோலே பலகையாகிவிடுகிறது. அக்காவுக்கு வென்ஃப்ளான் என்கிற ஊசிக்குழாய் போட வந்த நர்ஸ் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "நரம்பு கிடைக்கலயேம்மா" என்று கையை மாற்றினார். ஃபோட்டோஃபெரிசிஸுக்கு வழக்கமாக மாதம்தோறும் அடுத்தடுத்த இரண்டு நாள் தடித்த ஊசி ஏற வேண்டும். ரத்த ஓட்டம் தடைப்படாமல் மணிக்கணக்கில் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் கழுத்து வழியாகக் குழாய். அந்தக் குழாயில் கிருமி புகுந்தால், எதிர்ப்பு சக்தி குறையாது என்ற ஆதாயமே அடிபட்டுப் போகிறது. மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனை உண்டுதான், முதல் மாதம் வாராவாரம்கூட. ஆனால் அதற்கு மெல்லிய பட்டர்ஃப்ளை ஊசியும் பக்கத்து லேபும் போதும்.

ஆதாரத்திலும் மாத்திரைதான் முந்துகிறது. 2016-இல் வெளியான ஒப்பீட்டில் இந்த நோயால் வரும் நுரையீரல் பாதிப்புக்கு, பழைய சைக்ளோஃபாஸ்ஃபமைடு மருந்துக்கு இணையாக மைக்கோஃபீனோலேட் உதவியது, தொந்தரவும் குறைவு. ஒளி சிகிச்சைக்கு 2006-இல் 64 பேரிடம் நடந்த ஆய்வில் தோல் இளகியது. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பேருக்குச் செய்யும் போலிச் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உறுதிப்படவில்லை.

ஒளி சிகிச்சையை நாங்கள் எடுத்துப் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் நான் சொல்வது படித்ததும் டாக்டரிடம் கேட்டதும்தான். மாத்திரையிலும் அக்காவுக்கு வயிற்றுப்போக்கு படுத்தியது. கருத்தரிக்க நினைக்கும் பெண்களுக்கு இந்த மாத்திரை ஆகவே ஆகாது. அவர்களும், அடிக்கடி தொற்று வந்து மாத்திரையை நிறுத்த நேர்கிறவர்களும் வேறு வழிகளோடு ஒளி சிகிச்சையையும் டாக்டரிடம் கேட்கலாம். கேட்கும்போது முழங்கை மடிப்பை அந்த எந்திரத்தை இயக்குகிறவரிடமே காட்டி, நரம்பு தாங்குமா என்று பார்த்துவிடுங்கள்.