எஃப்.எஸ்.சி. காட்டுச் சான்றிதழ்: பழங்குடிகளுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

மரச் சாமான்களிலும் காகிதக் கட்டுகளிலும் காணும் எஃப்.எஸ்.சி. (Forest Stewardship Council, காட்டைப் பொறுப்போடு பேண விதி வகுக்கும் சர்வதேச அமைப்பு) முத்திரைக்குப் பின்னால் 10 கொள்கைகள் உண்டு. மூன்றாவது, பழங்குடிகளின் உரிமை. அவர்கள் நிலத்தைப் பாதிக்கும் எந்த வேலைக்கும் முன்பே, சான்றிதழ் கேட்கும் நிறுவனம் நெருக்குதலின்றி, முழு விவரம் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். மறுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. பட்டா இல்லாத வழக்காற்று உரிமையையும் இது ஏற்கிறது. விதியளவில் மிக நல்ல ஏற்பாடு.

சறுக்குவது ஒப்புதல் வாங்கும் இடத்தில். யாருக்கு எங்கே உரிமை, ஊர் சார்பில் யார் பேசுவார் என்று முதலில் அறிய வேண்டும். பிறகு ஊராரோடு காட்டில் நடந்து தேன் மரம், சுனை, இடுகாடு, வேட்டைத் தடம் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். வெட்டும் அளவு, சாலை, இழப்பீடு பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான். ஊர் தனியே கூடி முடிவெடுக்க அவகாசம் வேண்டும்; உடன்பாடு எழுத்தில் வர வேண்டும். மேலாண்மைத் திட்டத்தை முடித்துவிட்டு ஒரே கூட்டத்தில் கையெழுத்து கேட்டால் அது ஒப்புதலே அல்ல. வருகைப் பதிவேட்டை ஒப்புதலாகக் காட்டுவது அதைவிட மோசம். கிழங்கும் மூலிகையும் எடுக்கும் பெண்களை அழைக்காத கூட்டத்தின் வரைபடத்தில் அந்த இடங்களே இருக்காது.

சான்றிதழ் 5 ஆண்டுக்கு, ஆண்டுதோறும் தணிக்கை. தணிக்கையாளருக்குக் கட்டணம் தருவது தணிக்கைக்கு உள்ளாகும் நிறுவனமே, இதுதான் ஆகப் பெரிய குறை. ஆனாலும் ஊர் கையில் ஒரு பிடி இருக்கிறது. பெரிய விதிமீறல் என்று பதிவானால் பொதுவாக 3 மாதத்தில் சரிசெய்தாக வேண்டும். இல்லையேல் சான்றிதழ் நிறுத்தப்படும். அதனால் புகாரை எழுத்தில், இடம், தேதி, படம், மீறிய கொள்கை எண் சேர்த்துச் சான்றளிக்கும் அமைப்புக்கு அனுப்புங்கள். தீராவிட்டால், அந்த அமைப்புகளைக் கண்காணிக்கும் ஏ.எஸ்.ஐ.க்கு (Assurance Services International) போகலாம். தணிக்கையாளரை நிறுவன ஆட்கள் இல்லாமல், உங்கள் மொழிபெயர்ப்பாளரோடு சந்திக்கக் கேளுங்கள்.

சொந்தக் காட்டுக்கே சான்றிதழ் வாங்க நினைக்கும் ஊருக்குச் செலவுதான் சுமை. பல ஊர்கள் சேர்ந்து குழுச் சான்றிதழ் எடுத்தால் தணிக்கைச் செலவு பிரியும். ஒன்றைக் கவனியுங்கள்: மரத்தை வாங்கி அறுக்கும் மில்லுக்கு வழித்தொடர்ச் சான்றிதழ் (chain of custody, மரம் கைமாறும் ஒவ்வொரு கட்டத்தையும் உறுதிசெய்வது) இல்லையென்றால், அதற்குப் பிறகு அந்த மரத்தை முத்திரையோடு விற்க முடியாது.

வாங்குவோர் '100%' முத்திரையைத் தேடுவது நல்லது. 'மிக்ஸ்' என்றால் முழுச் சான்றிதழ் பெறாத காட்டு மரமும் கலந்திருக்கலாம். காட்டின் சான்றிதழ் எண் தெரிந்தால், எஃப்.எஸ்.சி.யின் பொதுத் தரவுத்தளத்தில் தணிக்கைச் சுருக்கத்தைத் திறந்து மூன்றாம் கொள்கைப் பகுதியைப் படியுங்கள். எந்த ஊரிடம், எப்போது, எப்படி ஒப்புதல் வாங்கினார்கள் என்று அதில் தெளிவாக இல்லையென்றால், சான்றளித்த அமைப்பிடமே கேளுங்கள்.