வெப்பப் பம்புக்கு மாற வழிகாட்டும் சேவை: சில குளிர்காலங்களுக்குப் பிந்தைய மதிப்பீடு

எரிவாயுவை எரித்து நீரைச் சூடாக்கும் பாய்லரைக் கைவிட்டு, வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் கடத்தும் வெப்பப் பம்பைக் கொண்டு, கார்பன் உமிழ்வு குறைந்த முறையில் வீட்டைச் சூடாக்க எண்ணும் குடும்பங்களுக்கான ஓர் இணையவழிச் சேவையைச் சில குளிர்காலங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அது எந்தக் கருவியையும் விற்பதில்லை. கற்பிப்பது மட்டுமே அதன் வேலை. இத்தகைய சேவையை, அதில் சேர்ந்த வாரத்திலேயே மதிப்பிடுவதில் பொருளில்லை என்பதால்தான் இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன்.

சேர்ந்தவுடன் வீட்டின் வயது, சுவரின் வகை, சன்னல்கள் ஆகியவற்றைக் கேட்டு, ஆண்டுக்கு எத்தனை டன் கரியமில வாயுவைத் தவிர்க்கலாம் என்று ஒரு கணக்கைக் காட்டுகிறார்கள். அழகான வரைபடம்தான், ஆனால் அதைப் பார்த்து எங்கள் வீட்டில் எவரும் எந்த முடிவும் எடுக்கவில்லை.

சேவையின் உண்மையான பலம், அதற்கடுத்து அவர்கள் செய்யச் சொன்ன ஒரு சோதனையில் இருந்தது. குளிர் மிகுந்த நாட்களில், ஏற்கெனவே இருக்கும் பாய்லர், அறைகளைச் சூடாக்கும் சுடுநீர்த் தகடுகளான ரேடியேட்டர்களுக்கு அனுப்பும் நீரின் வெப்பநிலையை 50 அல்லது 55 டிகிரி செல்சியஸாகக் குறைத்துவிட்டு, எந்த அறை போதிய அளவு சூடாகிறது, எது ஆகவில்லை என்று குறித்து வைக்க வேண்டும். பாய்லர்கள் பெரும்பாலும் 60 முதல் 80 டிகிரி வரையிலான நீரை அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. வெப்பப் பம்போ 35 முதல் 50 டிகிரிக்குள் இயங்கும்போதுதான் சிக்கனமாக உழைக்கும். நீரின் சராசரி வெப்பநிலை 70 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு இறங்கினால், 20 டிகிரியில் உள்ள அறைக்கு ஒரு ரேடியேட்டர் தரும் வெப்பம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இந்தச் செய்தியைப் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட, வடக்குப் பார்த்த அறையில் ஒரு மாலை உட்கார்ந்து பார்ப்பது தெளிவாகக் கற்பித்தது. எந்தெந்த ரேடியேட்டர்களைப் பெரிதாக மாற்ற வேண்டும் என்பது ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் தெரிந்துவிட்டது. சேமிப்புத் தொட்டியில் உள்ள குளியல் நீரின் வெப்பநிலையை மட்டும் குறைக்கக் கூடாது, நுரையீரல் நோயை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகாமலிருக்க அதை 60 டிகிரியில் வைக்க வேண்டும் என்ற எச்சரிக்கையையும் சோதனையின் முதல் வரியிலேயே கொடுத்திருந்தார்கள். வடிவமைத்தவர்களின் பொறுப்புணர்வுக்கு இதுவே சான்று.

செலவைப் பற்றிய பகுதி இவ்வளவு நேர்மையாக இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு மூன்று யூனிட் வெப்பம் பெறலாம் என்று கேட்டதும் ஏதோ ஏமாற்று வேலை என்றே பலருக்கும் தோன்றும். குளிர்சாதனப் பெட்டி உள்ளிருக்கும் வெப்பத்தைப் பின்புறமாக வெளியேற்றுவதுபோல, பம்பு வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை வீட்டுக்குள் கடத்துகிறதே தவிர, புதிதாக உண்டாக்குவதில்லை என்று அவர்கள் விளக்கியது நன்றாகவே இருந்தது. ஆனால் வெளியே குளிர் கூடக்கூடவும், அனுப்பும் நீரின் சூடு ஏற ஏறவும் அந்த மூன்று என்ற எண் குறையும் என்பதைச் சிறிய எழுத்தில் ஒதுக்கிவிட்டு, ‘உங்கள் சேமிப்பு’ என்று ஒற்றைத் தொகையைப் பெரிதாகக் காட்டினார்கள். மின்சாரத்தின் யூனிட் விலை எரிவாயுவைப்போல் மூன்று மடங்கு என்றும், பாய்லரின் திறன் 90 சதவீதம் என்றும் கொண்டால், ஒரு யூனிட் மின்சாரத்துக்குப் பம்பு பருவம் முழுவதும் சராசரியாகத் தரும் வெப்பம் 2.7 யூனிட்டைத் தாண்டினால்தான் எரிபொருள் செலவு குறையும். இந்தக் கணக்கைப் பள்ளி மாணவரும் போட்டுவிடலாம். பயனரே தம் ரசீதில் உள்ள இரண்டு விலைகளையும் இட்டுப் பார்க்கும் வசதியைப் பின்னர் சேர்த்தார்கள். அது தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டியது.

பம்பைப் பொருத்தும் நிறுவுநர்கள் தரும் விலைப்புள்ளியைப் படிக்கக் கற்றுத்தரும் பகுதியைத் தயங்காமல் பாராட்டுவேன். அறைவாரியாக வெப்ப இழப்பு கணக்கிடப்பட்டதா, எந்த வெளிவெப்பநிலைக்கு வடிவமைக்கப்பட்டது, நீர் எத்தனை டிகிரியில் அனுப்பப்படும் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கச் சொல்கிறார்கள். இரண்டாவது கேள்வியிலேயே பேச்சை மாற்றிய நிறுவுநர்களும் உண்டு.

பம்பு பொருத்தப்பட்டதோடு சேவையும் வாழ்த்து கூறி விலகிக்கொண்டது. கற்க வேண்டியவை அதற்குப் பிறகே தொடங்கின. பாய்லரைப்போல் அவ்வப்போது போட்டு அணைக்காமல், மிதமான சூட்டில் தொடர்ந்து ஓடவிட வேண்டும். வெளிக்குளிருக்கு ஏற்ப நீரின் வெப்பநிலையைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்பை, வீட்டின் போக்கைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்த வேண்டும். ஈரப்பதம் மிகுந்த குளிர்நாளில் பம்பின் வெளி அலகிலிருந்து வெண்ணிற ஆவி எழுந்தால், அந்த அலகு தன்மேல் படிந்த உறைபனியைக் கரைத்துக்கொள்கிறது என்று அறிந்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் கையேட்டிலும் அண்டை வீட்டாரிடமும் தேடித் தெரிந்துகொண்டோம்.

குடும்பம் என்றால் ஒரு மின்னஞ்சல் முகவரி என்றே இந்தச் சேவை எண்ணிக்கொண்டிருப்பது இதைவிடப் பெரிய குறை. கணக்கைத் தொடங்கியவன் நான். பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் என் மாமியார். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, கை சுடவில்லையே, பழுதாகிவிட்டது என்று அவர் தெர்மோஸ்டாட்டை உயர்த்திக்கொண்டே இருந்ததில் வியப்பில்லை. வெதுவெதுப்பாக இருப்பதே இதன் இயல்பு என்று அவரிடம் எவரும் சொல்லவில்லை. கருவியின் அருகே ஒட்டி வைக்கும்படி, பெரிய எழுத்தில் ஒரே ஒரு தாளை அனுப்பியிருந்தால் போதும். தொழில்நுட்ப விளக்கங்களுக்குச் செலவிட்ட உழைப்பில் சிறு பங்கே அதற்குத் தேவைப்பட்டிருக்கும்.

வாடகை வீட்டில் இருப்போருக்கு, கதவிடுக்குகளை அடைப்பது பற்றிய குறிப்புகளைத் தவிர இதில் அதிகம் இல்லை. அடுக்ககவாசிகளுக்கு அதுவும் அரைகுறைதான். சொந்த வீடு உள்ளோர் குளிர் தொடங்குமுன் சேர்ந்துவிடுவது நல்லது. கோடையில் சேர்ந்தால், நீரின் வெப்பநிலையைக் குறைத்துப் பார்க்கும் அந்தச் சோதனைக்கு அடுத்த குளிர்காலம்வரை காத்திருக்க நேரும். அதன் முடிவு கைக்கு வராமல் எந்த விலைப்புள்ளியிலும் கையெழுத்திட வேண்டாம்.