மொறிஸ் மைனரா, ஒஸ்ரின் ஏ40 சமசெற்றா: வீட்டில் புதுப்பிக்க எது ஏற்றது?

யாழ்ப்பாணத்து உப்புக் காற்றில் பழைய காரின் முதல் எதிரி கறள்தான். 1952 முதல் 1954 வரை வெளிவந்த சமசெற்றுக்குத் தனியான சட்டகம் இருப்பதால், கதவடியும் தளத்தகடும் அரித்திருந்தாலும் வண்டியின் முதுகெலும்பு பெரும்பாலும் தப்பியிருக்கும். மைனருக்கோ உடலே சட்டகம் என்பதால், எஞ்சினைத் தொடுவதற்கு முன் அடித்தளத்தைத் தட்டிப் பார்த்து, வெல்டிங் வேலை எவ்வளவு என்று கணக்கிட வேண்டும்.

எஞ்சின் வேலையில் நிலைமை தலைகீழாகிறது. 1956 முதல் மைனரில் வந்த 948 சிசி எஞ்சின், சமசெற்றின் 1200 சிசி எஞ்சினைவிடச் சிறியது. கழற்றித் தூக்குவது எளிது. அதே குடும்பத்து எஞ்சின்கள் மினி காரில் 2000ஆம் ஆண்டுவரை தொடர்ந்ததால், பிஸ்டன், றிங், பெயாரிங் ஆகியவற்றை இன்றும் புதிதாக வாங்கலாம். சமசெற்றுக்கு அவற்றைத் தேடி அலைய நேரும். போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்களில், எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்வதால் சிலிண்டரும் பெயாரிங்கும் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. ஆகவே எந்த வண்டியானாலும் சிலிண்டரை அளந்த பின்னரே பிஸ்டன் வாங்க வேண்டும். தேய்ந்த சிலிண்டரைத் துளைத்துப் பெரிதாக்குவதையும் கிராங் தண்டைக் கடைவதையும் பட்டறையிடம் விட்டு, பொருத்தும் வேலையை வீட்டில் செய்யலாம்.

முதன்முறை இறங்குபவருக்கு, அடித்தளம் உறுதியான மைனரையே பரிந்துரைப்பேன். ஆனால் அதன் முன்சில்லு மூட்டுக்குக் கிரீஸ் இடத் தவறினால், ஓடும்போதே சில்லு மடங்கிவிடக்கூடும்.