வேலையும் விடுமுறையும்: யாழ்ப்பாணத்து ஆவணச் சேவை நிலையம் ஒன்றின் மதிப்பீடு

வெளிநாட்டில் ஓராண்டு ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் செய்யலாம் என்ற விளம்பரம் இப்போது யாழ்ப்பாணத்து இளைஞர்களின் முகநூலில் அடிக்கடி தலைகாட்டுகிறது. அத்தகைய பயணத்துக்கு வேண்டிய ஆவணங்களை ஆயத்தப்படுத்தித் தருவதாகச் சொல்லும் நிலையம் ஒன்றுக்கு அக்காவின் மகனை அழைத்துச் சென்று அதன் சேவையைப் பெற்றோம். நகரின் நடுவிலுள்ள அந்த நிலையத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அதன் நிறைகளும் குறைகளும் இதே தொழில் செய்யும் வேறு பல இடங்களுக்கும் பொருந்தும் என்பதே காரணம். காகிதங்களைச் சரிபார்த்து ஒழுங்குபடுத்தித் தரும் வேலைக்கு அங்கே தாராளமாகப் பணம் கொடுக்கலாம். விசா ஆலோசனை என்ற பெயரில் கேட்கப்படும் கட்டணத்துக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை.

முதலில் தகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவுஸ்திரேலியா இவ்வகைப் பயணத்துக்கு 417, 462 என்னும் இரு விசாப் பிரிவுகளை வைத்திருக்கிறது. இரண்டின் நாட்டுப் பட்டியலிலும் இலங்கை இல்லை. நியூசிலாந்து, கனடா ஆகியவற்றின் இதே வகைத் திட்டங்களிலும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இடமில்லை. பாரிசில் பிறந்து பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒன்றுவிட்ட தம்பி 417இன் கீழ் 35 வயது வரை விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான நாட்டவருக்கு அந்த எல்லை 30. ஆரம்பச் செலவுக்கு 5,000 அவுஸ்திரேலிய டொலர் அளவில் கையிருப்பு இருப்பதை அவர் காட்ட வேண்டும், ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதங்களுக்கு மேல் வேலை செய்ய முடியாது. நல்லூரில் பிறந்து வளர்ந்தவருக்கோ அந்தக் கதவே இல்லை. இந்தியா 462 பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2024இல் 1,000 இடங்களுக்குக் குலுக்கல் முறையில் விண்ணப்பங்கள் கோரப்பட்டன. அதைப் பற்றித் தமிழ்நாட்டு யூடியூபர்கள் தமிழில் விளக்கும் காணொளிகளை இங்குள்ள பிள்ளைகளும் பார்ப்பதால், மொழி ஒன்றாக இருப்பது போல் விதியும் ஒன்றுதான் என்று நம்பிவிடுகிறார்கள். விளம்பரம் போடுவோருக்கு அந்த நம்பிக்கையே மூலதனம்.

இந்த விடயத்தில் நிலையத்தின் நடத்தை இரண்டு விதமாக இருந்தது. முன் மேசையில் இருந்த இளைஞர் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்றுகூடக் கேட்காமல், பதிவுக் கட்டணத்தைக் கட்டினால் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். உள்ளே கோப்புகளைப் பார்க்கும் மூத்த அம்மா ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "இலங்கைப் பாஸ்போட்டுக்கு அந்த விசா இல்லைத் தம்பி. ஆரும் எடுத்துத் தாறம் எண்டு சொன்னா நம்பிக் காசு குடுத்திடாதேங்கோ" என்று நேராகச் சொன்னார். அந்த அம்மா அன்று விடுப்பில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது வாசிப்பவருக்கே விளங்கும். நிலையத்தின் நேர்மை ஒருவரின் மேசையோடு நின்றுவிடுவதே அதன் முதற்குறை.

இலங்கையரைப் பொறுத்தவரை இதற்கு ஓரளவு கிட்ட வருவது பிரித்தானியாவின் பருவகாலத் தொழிலாளர் விசா. பழத்தோட்டங்களிலும் மரக்கறிப் பண்ணைகளிலும் ஆறு மாதங்கள் வரை வேலை செய்துவிட்டுத் திரும்ப வேண்டிய ஏற்பாடு அது. குடும்பத்தைக் கூட்டிச்செல்லவோ நிரந்தர வேலைக்கு மாறவோ முடியாது. குனிந்து நிமிரும் வேலையே நாள் முழுதும் என்பதால் விடுமுறை என்ற சொல்லை அதற்கு ஒட்டுவது பொருந்தாது. பிரித்தானிய அரசு அங்கீகரித்த திட்ட நடத்துநர்கள் ஊடாக மட்டுமே அந்த விசாவுக்கான அனுசரணை கிடைக்கும். வேலை தேடித் தந்ததற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் அறவிடுவது அந்நாட்டுச் சட்டத்துக்கு மாறானது. ஆகவே "வேலை உறுதி" என்று சொல்லி இலட்சங்களில் பேசுபவர் யாராயினும் அவரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். வேலைக்காக நாட்டை விட்டுப் புறப்படும் எவரும், சொந்த முயற்சியில் வேலை பெற்றவர் உட்பட, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும். ஒரு முகவரிடம் அனுமதிப்பத்திரம் உண்டா என்பதையும் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டறியலாம். இந்த இலக்கத்தை நிலையத்தின் சுவரில் எங்கும் காணவில்லை.

இனி, பணம் கொடுத்ததற்குப் பயன் கிடைத்த பகுதி. அந்த அம்மா பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரணதரப் பெறுபேற்றுச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றை மேசையில் ஒரே வரிசையில் அடுக்கி, அடிமட்டத்தை ஒவ்வொரு பெயரின் கீழும் வைத்து எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டு போனார். தமிழில் ஒரே மாதிரி இருந்த தகப்பன் பெயர் ஆங்கிலத்தில் ஓரிடத்தில் எச் எழுத்தோடும் வேறோரிடத்தில் அது இல்லாமலும் இருந்தது. வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும் இருந்தது, கடவுச்சீட்டில் முழுப் பெயர். எதைத் திருத்த வேண்டும், எதற்குச் சத்தியக் கடதாசி போதும், எதை அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு தாளில் பிரித்து எழுதித் தந்தார். முதலெழுத்தோடு வாழ்ந்து பழகிய எங்களுக்குக் குடும்பப் பெயர் கேட்கும் படிவம் எப்போதும் தலையிடி என்பதால் இந்த ஒரு சேவைக்காகவே அங்கே போகலாம். இடப்பெயர்வுக் காலத்தில் பதிவுகள் தவறிப்போன குடும்பங்களுக்கும், காலங்கடந்து பிறப்புப் பதிவு செய்தவர்களுக்கும் அது இன்னும் கூடுதலாகப் பயன்படும். மொழிபெயர்ப்பும் சுத்தம், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரையும் கையொப்பமும் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தன.

ஆனால் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போய் நாமே முடிக்கக்கூடியவற்றுக்கும் அங்கே "ஓடித்திரியும் கட்டணம்" ஒன்று கேட்கிறார்கள். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே கடவுச்சீட்டு அலுவலகம் திறக்கப்பட்ட பிறகு, வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ விடியப்புறம் புறப்படும் தேவை இல்லாமற் போய்விட்டது. விரலடையாளம் கொடுக்க விண்ணப்பதாரர் தாமே போக வேண்டும், படத்தை அங்கீகாரம் பெற்ற ஸ்ரூடியோவில் எடுக்க வேண்டும். இவற்றில் இடையில் நிற்பவருக்குச் செய்ய எதுவும் இல்லை. சான்றிதழ்களை உறுதிப்படுத்தும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிராந்திய அலுவலகமும் யாழ்ப்பாணத்திலேயே உண்டு.

வங்கி நிலுவை விடயத்தில் நிலையத்தைக் கடுமையாகவே குறைசொல்ல வேண்டும். பிரித்தானியப் பருவகால விசாவுக்கு, அனுசரணையாளர் பொறுப்பேற்காவிட்டால், 1,270 பவுண் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அதைச் சொன்னவுடன் முன்மேசைத் தம்பி குரலைத் தணித்து, "காசு காட்டுறதுக்கு ஆள் இருக்கு அண்ணை, மாச வட்டி மட்டும்தான்" என்றார். இரவல் பணத்தைக் கணக்கில் போட்டுச் சொந்தப் பணமாகக் காட்டுவது இங்கே பலருக்கு ஒரு சடங்கைப் போலாகிவிட்டது. ஏமாற்றியதாகக் கண்டுபிடிக்கப்பட்டால் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு பத்தாண்டுகள் வரை புதிய விண்ணப்பங்களும் மறுக்கப்படலாம் என்பதை அந்தத் தம்பி சொல்லவில்லை. திடீரென வந்து விழுந்த தொகைக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கப்படும். வெளிநாட்டு உறவினர் அனுப்பியது என்றால், அனுப்பிய பற்றுச்சீட்டையும் அவரது கடிதத்தையும் உடன் வைக்கலாம். உண்மையைச் சொல்வதற்கு மாச வட்டி கிடையாது.

சில்லறை விடயங்கள். கட்டண விபரம் எழுதிய பலகை இல்லை, பற்றுச்சீட்டு கேட்டால்தான் தருகிறார்கள். மூலப் பிரதிகளை "இருக்கட்டும், பிறகு எடுக்கலாம்" என்று வைத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. நாங்கள் நிழற்பிரதிகளை மட்டும் கொடுத்துவிட்டு மூலங்களைக் கையோடு கொண்டுவந்தோம். மறுப்பு எதுவும் சொல்லவில்லை. கோப்பு இப்போது முழுமையாக இருக்கிறது. பருவகால விசாவுக்கான அனுசரணைக் கடிதம் வரும்வரை அதை வீட்டு அலுமாரியில் வைத்திருக்கிறோம், அங்கே விடவில்லை.

போக விரும்புபவர்கள் கிழமை நாட்களில் முற்பகலில் போவது நல்லது. அந்த அம்மா உள்மேசையில் இருக்கும் நேரம் அதுதான். பின்னேரத்தில் போனால் முன்மேசைத் தம்பியோடுதான் கதைக்க வேண்டிவரும்.