வேடந்தாங்கல்: கரையில் பாதி, சாலையோரத்தில் மீதி

வேடந்தாங்கலில் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது பறவைகளின் குடித்தனத்தை மட்டும்தான். அவை இரை தேடுவதைப் பார்க்க, படாளம் கூட்டுரோட்டிலிருந்து ஏரிக்கு வரும் வழியில் வயலோரமாக நிற்க வேண்டும். கரையோடு திரும்பிவிடுகிறவர்களுக்குப் பாதிதான் கிடைக்கிறது.

முதலில் கரை. ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, நீர்க்கடம்பும் கருவேலமும் தண்ணீரில் நின்றால்தான் பறவைகள் கூடு கட்டும். தண்ணீர் சூழ்ந்த மரத்துக்குக் கீரியும் பூனையும் எளிதில் வராது. மழை பொய்த்த வருஷம் போனால் வெறும் மரத்தைத்தான் பார்க்கலாம். நல்ல மழை பெய்திருந்தால் ஜனவரி, பிப்ரவரியில் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, பாம்புத்தாரா, கரண்டிவாயன் எல்லாம் ஒரே மரத்தில் மாடி மாடியாகக் குடியிருக்கும். விடியும்போதே கரையில் இருங்கள். வெயில் ஏறினால் பெரியவை மேய்ச்சலுக்குப் போய்விடும். மாலை நான்கு மணிக்கு மேல்தான் கூட்டமாகத் திரும்பும்.

மரங்கள் தள்ளியிருப்பதால் செல்போன் கேமரா உதவாது. 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) போதும். வாடகைக்கு எடுத்தால், கரையேறும் முன் நேரான மரத்தண்டு ஒன்றைப் பாருங்கள். இரண்டாகத் தெரிந்தால் உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிப் பட்டகம் நகர்ந்திருக்கிறது. பத்து நிமிஷத்தில் தலைவலி வரும், வேறு கேளுங்கள். சரியாக இருந்தால் வலக்கண்ணை மூடி நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தைத் திருப்புங்கள். பலர் இந்த வளையத்தைத் தொடுவதே இல்லை, கருவியைக் குறை சொல்வதோடு சரி.

இனி சாலை. நாற்று நடும் வயலில் தலையைக் கவிழ்த்து நிற்கும் நத்தைகுத்தி நாரையைக் கண்டால் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். கதவைத் திறக்காதீர்கள். வண்டிக்கு மிரளாத பறவை மனிதனைக் கண்டதும் எழும்பிவிடும். சில நிமிஷம் பொறுத்தால் அலகின் நடுவே உள்ள இடைவெளி கண்ணுக்குப் படும். நத்தையை அது உடைப்பதில்லை. மேலலகால் ஓட்டினை அழுத்திப் பிடித்து, கீழலகின் கூர்நுனியை ஓட்டின் வாயை அடைக்கும் மூடிக்குள் செலுத்தித் தசையை அறுத்துச் சதையை உருவுகிறது. வரப்போரம் கிடக்கும் காலி ஓடுகள் பெரும்பாலும் முழுசாக இருப்பது அதனால்தான். குஞ்சின் அலகில் இந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் வரும். காட்சிக்கோபுரத்தில் நாள் முழுக்க நின்றாலும் இதைப் பார்க்க முடியாது.

தார் விளிம்பிலிருந்து மண்ணில் சக்கரத்தை இறக்கிவிடாதீர்கள், மழைக்காலத்தில் புதையும். நடவு வரப்பில் கேட்காமல் ஏறுவதும் வேண்டாம். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து, 1790களிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பறவைகளைச் சுடத் தடை வாங்கியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். காவல் அவர்களுடையது, வனத்துறை பின்னால் வந்தது.

வாத்துக் கூட்டம்தான் வேண்டுமென்றால் அருகிலுள்ள கரிக்கிலி பறவைகள் சரணாலயத்துக்கு வண்டியை விடுங்கள். வசதி குறைவு, தண்ணீரும் டிபனும் கையோடு இருக்கட்டும்.