மாநிற முகத்தில் மரு எடுப்பது: மதுரையில் நாங்கள் செய்துகொண்ட சிகிச்சை பற்றி

அம்மாவும் நானும் முகத்தில் இருந்த சின்னச் சின்னக் கறுப்பு மருக்களை மதுரையில் ஒரு தோல் டாக்டரிடம் எடுத்துக்கொண்டோம். இது இல்லாத வீடு நம் பக்கம் குறைவு, ஆனாலும் தமிழில் இதைப் பற்றி உருப்படியாக எழுதியதை நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சிகிச்சை நல்ல சிகிச்சைதான். ஆனால் நம் தோலைப் பழகிய, கொஞ்சமாகத் தொட்டு நிறுத்தத் தெரிந்த கையிடம் மட்டும் போங்கள்.

கண்ணுக்குக் கீழே, கன்னத்து எலும்பின் மேல், சிலருக்குக் கழுத்திலும் கடுகு தெறித்த மாதிரி வருமே, அதைத்தான் சொல்கிறேன். மருத்துவத்தில் இதன் பெயர் டெர்மடோசிஸ் பாப்புலோசா நைக்ரா, சுருக்கமாக டி.பி.என். 1925ல் காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர் இதை விவரித்து எழுதினார். கறுப்பு, மாநிறத் தோல் உள்ளவர்களுக்குத்தான் அதிகம், அதிலும் பெண்களுக்கு, அதிலும் அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். கிருமியால் வருவதில்லை, அடுத்தவருக்கு ஒட்டாது, புற்றுநோயாகவும் மாறாது. எடுக்காமல் விட்டால் ஒன்றும் ஆகிவிடாது. அம்மாவுக்குக் கண்ணாடி ஃப்ரேம் உரசி ஒன்று அடிக்கடி புண்ணாகிக்கொண்டிருந்தது. எனக்கு வெறும் அழகுக்காகத்தான், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

முதலில் போன இடத்தில் டாக்டர் பார்க்கும் முன்பே ரிசப்ஷனில் இருந்த பெண் ஒரு லேசர் பேக்கேஜ் அட்டையை நீட்டி, ஒரே சிட்டிங்கில் முகம் முழுக்க சுத்தமாகிவிடும் என்றார். எழுந்து வந்துவிட்டோம். அடுத்துப் பார்த்த டாக்டர் விளக்கு வைத்த லென்ஸால் ஒவ்வொன்றாகப் பார்த்தார், அம்மாவின் தாடையில் இருந்த ஒன்றை மட்டும் "இது மச்சம், மரு இல்லை, இதைத் தொட வேண்டாம்" என்று தள்ளிவைத்தார். பேஸ்மேக்கர் வைத்திருக்கிறீர்களா, காது குத்திய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்ததா என்றெல்லாம் கேட்டார். அந்தக் கேள்விகளில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அவர் செய்தது ரேடியோ ஃப்ரீக்வென்சி, அதாவது மெல்லிய ஊசி முனையில் மின்சாரம் வைத்து லேசாகப் பொசுக்குவது. திரவ நைட்ரஜன் வைத்து உறைய வைக்கும் முறையும் இருக்கிறது, ஆனால் தோலுக்கு நிறம் தரும் செல்கள் குளிருக்குச் சீக்கிரம் செத்துப்போகும் என்பதால் மாநிறத் தோலில் வெள்ளைத் திட்டு விழும் அபாயம் அதிகம். பொசுக்குவதிலும் ஆழமாகப் போனால் மரு இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய கறுப்புத் தடமோ குழியோ நின்றுவிடும். இந்த மரு தோலின் மேலடுக்கில்தான் இருக்கிறது, அதனால் ஆழம் தேவையே இல்லை. இதை எல்லாம் விளக்கிவிட்டு, காதோரம் இரண்டு மூன்றை மட்டும் எடுத்து, தோல் எப்படி ஆறுகிறது என்று சில வாரம் பார்த்த பிறகே கன்னத்துக்கு வந்தார். "அவசரமே இல்லம்மா, இது எங்கேயும் ஓடாது" என்றார் அம்மாவிடம்.

லிடோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த மரத்துப்போகும் களிம்பைப் பூசி, பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஒரு மணி நேரம் போல உட்கார வைத்தார்கள். அதன் பிறகு சுருக் சுருக்கென்று குத்தும், மூக்கோரமும் கண்ணோரமும் வலி கூடுதல், முடி கருகுகிற வாடை வரும். பயப்படுகிற அளவுக்கு இல்லை. அப்புறம் பொருக்குக் கட்டும், ஒரு வாரத்தையொட்டித் தானாக உதிரும், நகத்தால் கிள்ளக் கூடாது. உதிர்ந்த இடம் முதலில் சிவப்பாக இருந்து பிறகு கொஞ்சம் கறுக்கும், அது மங்க மாதக்கணக்காகலாம். எனக்குச் சீக்கிரம் மங்கிவிட்டது, அம்மாவின் கன்னத்தில் இன்னும் லேசான நிழல் இருக்கிறது. வெயிலில் காட்டினால் அந்தக் கறுப்பு நிலைத்துவிடும் என்பதால் சன்ஸ்கிரீன் கட்டாயம். இரும்பு ஆக்சைடு சேர்த்த நிறமுள்ள சன்ஸ்கிரீன்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும், ஆனால் நான் தேடிய கடைகளில் கிடைத்த நிறங்கள் எல்லாம் வெளுத்த முகத்துக்கானவை, அம்மா பூசினால் சாம்பல் அடித்த மாதிரி தெரிகிறது. யாருக்காகத் தயாரிக்கிறார்கள் என்று கோபமே வருகிறது.

குறைகளும் உண்டு. காத்திருப்பு ரொம்ப நேரம். மருவுக்கு இவ்வளவா சிட்டிங்குக்கு இவ்வளவா என்று நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார்கள், அதனால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற தாளை ஆங்கிலத்தில் மட்டும் தந்தார்கள், நான் உட்கார்ந்து அம்மாவுக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மருத்துவக் காப்பீட்டில் அழகு சிகிச்சை என்று தள்ளிவிடுவார்கள். செலவு முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம்.

சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைப்பது, பார்லரில் பேனா மாதிரி ஒன்றால் சுடுவது, ஆன்லைனில் விற்கும் மரு உதிர்க்கும் களிம்பு, இதெல்லாம் தயவுசெய்து வேண்டாம். மச்சத்தையோ தோலில் தொங்கும் மருவையோ (ஸ்கின் டேக்) உதிர்க்கக் கடையில் நேராக வாங்கிப் பூசும் களிம்பு எதற்கும் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தரவில்லை. வெள்ளையாக்கும் கிரீம் தடித்த மருவைக் கரைக்காது, அதில் ஸ்டீராய்டு இருந்தால் சுற்றியுள்ள தோலும் மெலிந்துபோகும்.

இன்னொன்று, எடுத்த இடத்தில் வராவிட்டாலும் பக்கத்தில் புதிதாக முளைக்கலாம், முளைக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கொஞ்ச நாளிலேயே திடீரென்று கொத்துக்கொத்தாக வந்தாலோ, ஒன்று மட்டும் வேகமாக வளர்ந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ அழகு சிகிச்சை பற்றி யோசிக்காமல் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அம்மாவின் கழுத்தில் இருப்பதையும் இதே டாக்டரிடம்தான் எடுக்கப்போகிறோம், கத்திரி வெயில் முடியட்டும்.