தோசைக்கு எந்தக் கிரிடில்? கொல்லைப்புற கேஸ் கிரிடில்கள்: ஓர் ஒப்பீடு

அமெரிக்க வீடுகளில் தோசை வார்ப்பவர்களுக்கும் கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவிக்கும் தீராத பகை உண்டு. கல் நன்றாகக் காய்ந்து மூன்றாவது தோசைக்கு எண்ணெய் விடும்போது அது அலறத் தொடங்கும். ஒருவர் துண்டை எடுத்து விசிற, இன்னொருவர் ஜன்னலைத் திறக்க ஓட, கல்லில் இருப்பது கருகிவிடும். டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டிலும் பல வருடங்கள் இதே கதைதான். கண்ணாடித் தளம் கொண்ட மின்னடுப்பில் ஒரு நேரத்தில் ஒரு தோசைதான் வரும் என்பதால், பத்துப் பேர் விருந்துக்கு வந்தால் வார்ப்பவர் எல்லோரும் கை கழுவிய பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அடுப்பைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்று முடிவு செய்ததற்கு இவ்விரண்டுமே காரணம்.

கிரிடில் என்பது கேஸ் பர்னர்களின் மேல் பெரிய, தட்டையான எஃகுத் தட்டு பொருத்திய அடுப்பு. முதலில் பிளாக்ஸ்டோன் நிறுவனத்தின் 22 அங்குல மேசைக் கிரிடிலை வாங்கி மூன்று வருடங்கள் பயன்படுத்தினேன். பிறகு அதே நிறுவனத்தின் 36 அங்குலக் கிரிடிலுக்கு மாறினேன். என் மைத்துனர் வீட்டில் கேம்ப் ஷெஃப் ஃபிளாட் டாப் 600 இருக்கிறது. அதில் நான் வார்த்த தோசைகளுக்குக் கணக்கில்லை. அலுவலக நண்பர் ஒருவர் டிரேகர் ஃபிளாட்ராக் வாங்கியபோது, இரண்டு சனிக்கிழமைகள் மாவுப் பாத்திரத்தோடு அவர் வீட்டுக்குப் போய் வந்தேன். ஆகவே இந்த நான்கைப் பற்றி அனுபவத்தில் எழுதுகிறேன். மற்றவற்றைப் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகிறேன்.

இங்கே வெளியாகும் மதிப்புரைகள் பெரும்பாலும் பர்கரையும் பான்கேக்கையும் வைத்தே எழுதப்படுகின்றன. தட்டையாக அழுத்திச் சுடும் பர்கருக்கு 450 முதல் 500 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சூடு வேண்டும் என்பதால், எந்தக் கிரிடில் எவ்வளவு சீக்கிரம் எவ்வளவு அதிகமாகச் சூடேறும் என்பதே அவற்றின் முதல் கேள்வியாக இருக்கிறது. தோசைக்கு அந்தச் சூடு ஆகாது. நான் அளந்து பார்த்த வரையில், மாவை ஊற்றும் நேரத்தில் கல் 350 முதல் 400 டிகிரிக்குள் இருந்தால்தான் கரண்டியைச் சுழற்றுவதற்கு மாவு இடம் கொடுக்கிறது. 450-ஐத் தாண்டினால் ஊற்றிய இடத்திலேயே இறுகிக் கரண்டியோடு சுருண்டு வந்துவிடுகிறது. ஆக, நம் சமையலுக்கு ஒரு கிரிடிலைத் தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டியது, சிறு தீயில் அது எவ்வளவு நிதானமாகவும் சீராகவும் நிற்கும் என்பதைத்தான்.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் பி.டி.யு. எண், அதாவது பர்னர்கள் ஒரு மணி நேரத்தில் தரும் வெப்பத்தின் அளவு, இதற்கு உதவாது. பிளாக்ஸ்டோன் 36 அங்குலத்தில் நான்கு பர்னர்களும் சேர்ந்து 60,000. கேம்ப் ஷெஃப் 600-இல் நான்கும் சேர்ந்து 48,000. முதலாவது பலசாலி என்று தோன்றும். ஆனால் முன்னதன் பரப்பு 768 சதுர அங்குலம், பின்னதன் பரப்பு 604. வகுத்துப் பார்த்தால் சதுர அங்குலத்துக்கு இரண்டிலும் ஏறக்குறைய 79 பி.டி.யு.தான் வருகிறது. 24,000 பி.டி.யு.வும் 361 சதுர அங்குலமும் கொண்ட 22 அங்குலத்தில் அது 66 ஆகக் குறைகிறது; தோசைக்கு அதுவே தாராளம்.

நான் பார்க்கச் சொல்வது வேறொரு கணக்கு: ஒரு பர்னரின் பொறுப்பில் எவ்வளவு பரப்பு இருக்கிறது என்பது. கேம்ப் ஷெஃபில் ஒரு பர்னருக்கு 151 சதுர அங்குலம், பிளாக்ஸ்டோன் 36-இல் 192, மூன்று பர்னர்களும் 594 சதுர அங்குலமும் கொண்ட ஃபிளாட்ராக்கில் 198, இரண்டே பர்னர்களோடு 524 சதுர அங்குலத்தைத் தாங்கும் பிளாக்ஸ்டோன் 28-இல் 262. இந்த எண் குறையக் குறைய, தட்டின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஒரு பக்கம் முறுகல், ஒரு பக்கம் குழந்தைக்கு மெத்தென்ற கல்தோசை, ஓரத்தில் உருளைக்கிழங்கு மசாலா சூடு ஆறாமல் காத்திருப்பது என்று ஒரே தட்டில் மூன்று வேலை நடக்கும் வீட்டில் இந்த வசதி முதல் நாளிலேயே தெரிந்துவிடும். மைத்துனர் வீட்டில் தோசை எனக்குச் சுலபமாக வருவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர் மனைவியோ அது மாவின் பக்குவம் என்கிறார்.

சூடு எப்படிப் பரவுகிறது என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தட்டு முழுவதும் வெள்ளை ரொட்டித் துண்டுகளை இடைவெளி இல்லாமல் அடுக்கி, நடுத்தரத் தீயில் சில நிமிடங்கள் விட்டு, எல்லாவற்றையும் வரிசை மாறாமல் திருப்பிப் போட வேண்டும். சூட்டின் வரைபடமே கண்ணுக்குத் தெரியும். பர்னர் ஓடும் கோட்டுக்கு மேலே கரும்பழுப்பு, இரண்டு பர்னர்களுக்கு நடுவே பொன்னிறம், நான்கு மூலைகளிலும் வெறும் ரொட்டி. நாங்கள் சோதித்த எல்லாவற்றிலும் ஏறத்தாழ இதே படம்தான் வந்தது. சில மில்லிமீட்டர் கனமே உள்ள எஃகுத் தகட்டின் இயல்பு அது. நம் ஊர் ஹோட்டல்களில் கட்டைவிரல் கனத்துக்கு இருக்கும் தோசைக்கல் சூட்டை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடும். இந்தத் தகடுகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது. பதினைந்து நிமிடம் சிறு தீயில் காயவிட்டால் வித்தியாசம் வெகுவாகக் குறைகிறது. முழுத் தீயில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு உடனே மாவை ஊற்றினால் தோசையில் பர்னரின் கோடு விழும்.

வெப்பநிலையை அளக்கத் தூரத்திலிருந்து கதிரைக் காட்டி அளக்கும் வெப்பமானியைப் பலர் வாங்குகிறார்கள். புதுத் தகடு பளபளப்பாக இருக்கும் வரை அது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். மினுங்கும் உலோகத்தில் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். தட்டு பழகிக் கறுத்த பிறகு சரியாகிவிடும். வெபர் 2024-இல் கொண்டுவந்த ஸ்லேட் வரிசையில் வெப்பநிலையை எண்ணாகக் காட்டும் திரை உள்ள மாதிரிகள் இருக்கின்றன. துருவை எதிர்க்கும் தட்டு என்பது அதன் இன்னொரு விளம்பரம். எனக்குத் தண்ணீர் போதும். நாலு சொட்டுத் தெளித்தால் அது துள்ளி ஓடுகிறதா, சுர்ரென்று அடங்குகிறதா என்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது. பாதியாக வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்க்கும் பழக்கமும் இங்கே அப்படியே செல்லும்; தட்டு பெரியது என்பதால் முள்கரண்டியில் குத்தித் தேய்த்தால் கை சுடாது. ஆனால் கொதிக்கும் தட்டில் குளிர்ந்த நீரைக் குவளையோடு கவிழ்க்காதீர்கள். மெல்லிய தகடு வளைந்துவிடக்கூடும், வளைந்த தகடு பிறகு நிமிர்வதில்லை.

டெக்சாஸின் இந்தப் பகுதியில் வசந்த காலக் காற்று பொல்லாதது. திறந்த பர்னர் உள்ள கிரிடில்களில் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து, காற்று வரும் பக்கத்தில் தோசை வெளிறியும் எதிர்ப்பக்கத்தில் சிவந்தும் போகிறது. 2023-இல் வந்த டிரேகர் ஃபிளாட்ராக்கின் பலம் இங்கேதான் தெரிந்தது. அதன் பர்னர்கள் ஆங்கில யு எழுத்தைப் போல வளைந்தவை. அவற்றைச் சுற்றிலும் காற்று புகாதபடி அடைத்திருக்கிறார்கள். மரக்கிளைகள் ஆடிக்கொண்டிருந்த ஒரு மாலையில், அந்த நண்பர் வீட்டில் எட்டுத் தோசைகள் ஒரே நிறத்தில் வந்தன. ஆனால் அறிமுக விலையே 899 டாலர். 36 அங்குல பிளாக்ஸ்டோன் தள்ளுபடி நாள்களைப் பொறுத்து முந்நூறிலிருந்து ஐந்நூறு டாலருக்குள் கிடைக்கும்போது, காற்றுக்காக மட்டும் இவ்வளவு கூடுதலாகக் கொடுப்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. வேலியோரம் சுவர் மறைவில் கிரிடிலை நகர்த்தி வைத்தாலே பாதிக் காற்று அடங்கிவிடும். தீப்பிடிக்கக்கூடிய வேலியிலிருந்தும் வீட்டுச் சுவரிலிருந்தும் போதிய தூரம் விட்டு வைத்தால் சரி.

36 அங்குலத்தில் நடுத்தர அளவில் ஆறு தோசைகள் ஒரே நேரத்தில் கொள்ளும். முன் வரிசையில் மூன்று, பின் வரிசையில் மூன்று. கேட்க நன்றாக இருக்கிறது. செய்து பார்த்தால் ஆறாவதை ஊற்றி முடிப்பதற்குள் முதலாவது எடுக்கும் பதத்துக்கு வந்துவிடும். ஒற்றை ஆளாக நான்குக்கு மேல் நான் போவதில்லை. பக்கத்தில் ஒருவர் எண்ணெய் விடவும் திருப்பவும் நின்றால் மட்டுமே ஆறு. இந்த அளவு உண்மையில் தன் தகுதியைக் காட்டுவது கொத்துப் பரோட்டாவில்தான். பத்துப் பரோட்டாவையும் முட்டையையும் சால்னாவையும் குவித்துப்போட்டு இரண்டு தகடுகளால் கொத்த இடம் வேண்டும், மூன்று பக்கமும் விளிம்புச் சுவர் வேண்டும். இரண்டும் இதில் இருக்கின்றன. (எங்கள் தெருவில் அந்தச் சத்தத்தைக் கேட்டு, ஏதாவது பழுதுபார்க்கிறீர்களா என்று விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் இப்போது மாதம் ஒருமுறை தட்டோடு வருகிறார்.)

அதே விளிம்புச் சுவர் 22 அங்குலத்தில் தோசைக்கு இடைஞ்சல். தட்டு சிறியது என்பதால் கரண்டியை அகலமாகச் சுழற்றும்போது கணுக்கை சுவரில் இடிக்கிறது. ஓரத்துத் தோசையை எடுக்கத் திருப்பியைச் சரிவாக நுழைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு தோசைகளுக்கு மேல் ஆசைப்படக் கூடாது. இருந்தும், முதன்முதலாக வாங்குபவருக்கு நான் இதையே சொல்வேன். காரில் ஏற்றிக்கொண்டு முகாமுக்குப் போகலாம், பிடிக்கவில்லை என்றால் பெரிய நட்டமில்லாமல் கைமாற்றிவிடலாம். இதோடு வரும் இணைப்பில் பொருந்தும் ஒரு பவுண்டு உருளையில் ஏறத்தாழ 21,600 பி.டி.யு. அளவு எரிவாயுதான் உண்டு. முழுத் தீயில் ஒரு மணி நேரம்கூட வராது. ஆகையால் 20 பவுண்டு சிலிண்டருக்கான இணைப்புக் குழாயைக் கையோடு வாங்கிவிடுங்கள். கடைகளில் காலிச் சிலிண்டருக்கு மாற்றாகத் தருவதில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் நிரப்பியிருப்பார்கள் என்பதால், நிரப்பித் தரும் இடம் அருகில் இருந்தால் அதுவே மேல்.

சைவ விருந்தினரும் அசைவ விருந்தினரும் சேர்ந்து வரும் வீடாக இருந்தால் இன்னொரு யோசனை. ஒரு 36-க்குப் பதிலாக இரண்டு 22 வாங்கினால் மொத்தப் பரப்பு 722 சதுர அங்குலம். பெரியதைவிடச் சொற்பமே குறைவு. ஒரே தட்டின் நடுவே மானசீகமாகக் கோடு கிழித்து, இந்தப் பக்கம் கறிதோசை, அந்தப் பக்கம் வெங்காய ஊத்தப்பம் என்று என்னதான் சத்தியம் செய்தாலும், எண்ணெய் கோட்டை மதிப்பதில்லை. என் மாமியார் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டுத் தயிர்சாதம் போதும் என்று சொன்ன நாளில்தான் இது எனக்கு உறைத்தது.

வடிவத்தைப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்குக் குயிசினார்ட் 360 இருக்கிறது. 22 அங்குல விட்டமுள்ள வட்டத் தட்டு, இரண்டு பர்னர்களில் ஒன்று வட்டமாகவே அமைந்தது, மேலே மூடியும் உண்டு. பார்ப்பதற்கு அசல் தோசைக்கல். குடும்பத்தோடு பகிர்ந்து தின்னும் ஒரே பெரிய தோசைக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. பத்துப் பேருக்குத் தனித்தனியாக வார்க்க, வட்டத்துக்குள் வட்டங்களை அடுக்கும்போது இடம் வீணாகிறது.

ஒரு நாள் பதினான்கு பேர் காத்திருக்க, நான்கு பர்னர்களிலும் தீ மின்மினி போல நின்றது. குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறவில்லை. புதுச் சாமான் கெட்டுவிட்டது என்று நினைத்து வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் அரை மணி நேரம் காத்திருந்த பிறகுதான் தவறு என்னுடையது என்று தெரிந்தது. குமிழ்கள் திறந்திருக்கும்போது சிலிண்டர் வால்வை வேகமாகத் திறந்தால், குழாயில் கசிவு என்று கருதி ரெகுலேட்டர் எரிவாயுவை மிகக் குறைத்துவிடும். எல்லாவற்றையும் மூடி, சிலிண்டரிலிருந்து இணைப்பைக் கழற்றி, சில நிமிடங்கள் கழித்து மாட்டி, முதலில் வால்வை மிக மெதுவாகத் திறந்து, அதன் பின்பே பர்னரைப் பற்ற வைக்க வேண்டும். எல்லா நிறுவனங்களின் கிரிடிலுக்கும் இது பொருந்தும்.

தட்டைப் பழக்குவது பற்றி நம்மவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் காய்ச்சினால் பிசுக்காகப் படியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். துடைத்து எடுத்துவிட்டோமோ என்று சந்தேகப்படும் அளவுக்கு மெல்லிசாக ஏதேனும் சமையல் எண்ணெயைப் பூசி, புகை அடங்கும் வரை காயவிட்டு, இதையே நான்கைந்து முறை செய்தால் தகடு பழுப்பாகிப் பிறகு கறுக்கும். தக்காளித் தொக்கை அதில் நேரடியாகக் கிளறாமல் இருப்பது நல்லது. புளிப்பு அந்தப் படலத்தை உரித்துவிடும். முதல் குளிர்காலத்தில் நான் உறை போட்டு மூடி வைத்த கிரிடிலை மார்ச் மாதம் திறந்தபோது தட்டு முழுவதும் காவி நிறத்தில் துரு பூத்திருந்தது. கடைசியாகச் சமைத்த அன்று எண்ணெய் பூசாமல், தட்டு ஆறுவதற்கு முன்பே உறையை மாட்டியிருந்தேன்; உள்ளே தங்கிய ஈரம் தன் வேலையைக் காட்டிவிட்டது. சுரண்டி, தேய்த்து, மறுபடி பழக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

இன்று புதிதாக வாங்குவதானால் கேம்ப் ஷெஃப் 600-ஐத்தான் எடுப்பேன். பர்னர்கள் நெருக்கமாக இருப்பது ஒரு காரணம். தட்டைத் தூக்கி வைத்துவிட்டால் அடியில் கம்பி வலை இருப்பதால் கோழியையும் நேரடித் தீயில் வாட்டலாம் என்பது மற்றொன்று. மாதா மாதம் இருபது பேருக்குக் கொத்துப் பரோட்டா போடுகிறவர் பிளாக்ஸ்டோன் 36-ஐ விட்டு வேறு எதையும் தேட வேண்டாம். அடுக்ககத்தில் இருப்பவர்கள் மட்டும் பணம் கட்டுவதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பால்கனியில் புரோபேன் சிலிண்டர் வைக்கப் பெரும்பாலான இடங்களில் அனுமதி கிடையாது. மழை வந்தால் கராஜுக்குள் வைத்து வார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம்; கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரும்.